எத்தனுக்கு எத்தன்

திருடனைக் கண்டு அஞ்சுகின்ற மக்கள், எத்தனின் கதையைக் கேட்டு நகைக்கின்றனர். அதிலும், பேராசைக்காரன் ஒருவனின் பணப்பையை அவனினும் வல்லான் ஒருவன் காலியாக்கிச் செல்வானாயின், கேட்போர் உள்ளம் எத்தன் பக்கமே சாய்ந்துவிடுகின்றது. அச்சாய்வு தகுமா என்பதை ஆராய்தற்கு ஏற்றதொரு வரலாறு அமெரிக்க நாட்டில் உண்டு.

சிக்காகோ நகரில் 1875ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் வைல் என்பவன், 'மஞ்சட் பையன்' என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்டவன். அந்நாளைய பத்திரிகைச் சித்திரமொன்றில் வந்த சிறுவனின் பெயரே அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. இளமையில் அவன் பணம் அறவிடும் வேலையில் அமர்ந்தான். உடன் வேலை செய்தோர், அறவிட்ட பணத்திற் சிறு பகுதியைக் கணக்கிற் காட்டாது ஒளிப்பதைக் கண்டான். அதனை முதலாளிக்கு அவன் அறிவிக்கவில்லை. வாய் திறவாதிருப்பதற்குத் தனக்கும் ஒரு பங்கு தருமாறு அவர்களிடமே கேட்டு வாங்கினான். கள்வனிடம் கவர்ந்தால், கள்வன் எவரிடமும் முறையிடமாட்டான் என்பதே அவன் கற்ற முதற் பாடம்.

பின்னாளில் அவன் கையாண்ட தந்திரங்களுள் நாய் விற்ற கதை பெயர் பெற்றது. நல்ல உடையணிந்து, ஒரு நாயுடன் மதுச்சாலைக்குட் செல்வான். உயர்ந்த சாதி நாய் என்பதற்குப் பத்திரங்களும் காட்டுவான். அவசர அலுவலொன்று இருப்பதாகவும், திரும்பி வருமளவும் நாயைப் பார்த்துக்கொள்ளுமாறும் மதுச்சாலைக்காரரிடம் வேண்டிச் செல்வான். சற்று நேரத்தில் வேறொருவன் வருவான். நாயைக் கண்டு வியந்து, பெருந்தொகை தருவதாகக் கூறி, முற்பணமும் கொடுத்துப் போவான். வந்தவன் வைலின் கூட்டாளி என்பதை மதுச்சாலைக்காரர் அறியார். வைல் வாடிய முகத்துடன் திரும்புவான். எண்ணிய காரியம் கைகூடவில்லை, பணமுடை என்பான். மதுச்சாலைக்காரரோ, பெரிய விலைக்குக் கேட்டவனைப் பற்றி மூச்சும் விடாது, குறைந்த விலைக்கு நாயை வாங்கிக்கொள்வார். வாங்கவந்தவன் பின்னர் வருவதேயில்லை. மிஞ்சியது தெருநாய் ஒன்றே.

இவ்வித்தை பெருகிப் பெருகி, வெறுமையாய்க் கிடந்த வங்கிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, எழுதுவினைஞராகவும் வாடிக்கையாளராகவும் தன் கூட்டத்தாரையே நடிக்கவிடும் அளவுக்கு வளர்ந்ததென, 1948இல் வெளியான தன் வரலாற்றில் அவனே கூறுகின்றான். அவன் கவர்ந்த தொகை எண்பது இலட்சம் டொலர் எனச் சொல்லப்படுகின்றது. ஆயினும் நேர்மையாளர் எவரையும் தான் ஏமாற்றியதில்லை, போக்கிரிகளையே ஏமாற்றினேன் என்று அவன் பெருமை பேசினான்.

இப்பெருமையைச் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும். வள்ளுவர் வெஃகாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிறர் பொருளை விரும்புதல் குற்றம் என்பதிற் சந்தேகமில்லை. மதுச்சாலைக்காரர் செய்ததும் குற்றமே. ஆனால், அன்று காலையில் தம் தொழிலைத் தாம் பார்த்திருந்த அம்மனிதரின் உள்ளத்தில் அவ்வாசையை விதைத்தவன் யார்? விதைத்தவனே அறுவடையும் செய்துகொண்டு, நிலத்தைப் பழிப்பது நீதியாகாது. மேலும், தண்டம் விதிக்கும் நீதிபதி அத்தண்டப் பணத்தைத் தன் பையிற் போட்டுக்கொள்வதில்லை. வைல் கவர்ந்த பணமோ அவன் ஆடம்பர வாழ்வுக்கே போயிற்று.

இன்னுமொன்று. இளமையில் அவன் ஒரு நாட்டு மருந்து வியாபாரியுடன் ஊரூராய்ச் சென்றான். அவர்கள் விற்ற மருந்தில் மழைநீரே பெரும்பகுதி. அதனை வாங்கிய நாட்டுப்புறத்தார் எந்தப் போக்கிரித்தனம் செய்தார்கள்? நோய் தீரவேண்டும் என்று விரும்பினார்கள், அவ்வளவே. ஆகவே, நேர்மையாளரைத் தொடாத எத்தன் என்பது அவன் ஊருக்கு விற்ற மற்றொரு சரக்கு. தெருநாய்க்குச் சாதிப் பத்திரம் எழுதியவன், தன் வாழ்க்கைக்கும் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டான்.

அப்பத்திரத்தை உலகம் நம்புவதனால் ஒரு தீங்கு விளைகின்றது. ஏமாந்தவன் பேராசைக்காரனே என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், ஏமாந்தவன் வெட்கத்தால் வாய் திறவான். அவன் திறவாத வாயே எத்தனுக்கு அரண். முறையீடு இல்லையெனின் விசாரணை இல்லை; விசாரணை இல்லையெனின் எத்தன் அடுத்த ஊருக்குச் செல்வான். இன்று அவன் நாயுடன் வருவதில்லை; பரிசு விழுந்ததெனக் கைத்தொலைபேசியிற் செய்தியாய் வருகின்றான். முறை மாறியது, வெட்கத்தை வேலியாக்கும் சூழ்ச்சி மாறவில்லை.

வைல் பலமுறை சிறை சென்று, 1976இல், நூறு வயதில், சிக்காகோவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இறந்தான். அவன் கதை சிரிப்புக்கு உரியதுதான். ஆயினும், சிரித்து முடிந்தபின், இழந்த பணத்தை வீட்டாரிடமும் சொல்லமாட்டாது மதுச்சாலையில் நாயுடன் நின்ற மனிதரையும் நேயர்கள் ஒருகணம் நினைத்தல் நன்று. அத்தகைய ஒருவர் அயலில் இருப்பாராயின், நகையாது அவர் சொல்வதைக் கேட்பதே அடுத்த வீட்டைக் காக்கும் வழியாகும்.