நரம்பின் காவல்



மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் ‘வெளி’ என்றோர் இடமுண்டு. அங்குள்ள தோபிகானாவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்து வருகின்றன. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அங்கே அழைத்து வரப்பட்டதாக அவர்கள் கூறுவர். கரி கனலும் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கும் அக்கைகளுள் ஒன்றின் மணிக்கட்டில் கண்ணாடி ஆழமாக வெட்டி, நரம்பு அறுந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். தோல் சில நாட்களில் ஒட்டிக்கொள்கிறது. விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் இருந்துவிடுகிறார். வெளியூரில் வாழும் நம்மில் பலருக்கும் இவ்வழக்கம் உண்டன்றோ? அது எத்துணைத் தவறு என்பதை நரம்பின் அமைப்பே உணர்த்தும்.

நரம்பு என்பது நுண்ணிய இழைகள் சேர்ந்த கற்றை. கற்றையைச் சூழ்ந்துள்ள உறையின் உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பிணைந்தவை. உள்ளே ஓடும் இரத்தத் தந்துகிகளின் சுவரும் அத்தகையதே. இவ்விரண்டும் சேர்ந்ததே இரத்த-நரம்புத் தடுப்பு. வேண்டும் சத்தை உள்ளே விட்டு, வேண்டாதவற்றைத் தடுத்து நிறுத்தும் காவல் அது.

நரம்பு அறுந்தால் இக்காவல் குலைகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் மட்டுமன்று, அதற்கப்பால் விரல்நுனி வரையிலும் குலைகிறது. இரத்தத்தின் நீரும் புரதமும் கசிந்து உள்ளே வீக்கம் காண்கிறது. கற்றையினுள் நிணநீர்க் குழாய்கள் இல்லாமையால் அந்நீர் எளிதில் வடிவதில்லை.

ஆயினும் இக்குலைவில் ஒரு நன்மையும் உண்டு. 1850இல் ஆங்கில அறிஞர் அகஸ்டஸ் வாலர், தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைவதைக் கண்டு எழுதினார். அச்சிதைவை அகற்றினாலன்றிப் புதிய இழை செவ்வனே வளராது. காவல் தளர்ந்த வழியாகவே, கழிவை விழுங்கும் அணுக்கள் இரத்தத்திலிருந்து வந்து துப்புரவு செய்கின்றன. பின்னர் இழைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கின்றன. காவலும் மெல்லத் திரும்புகிறது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை எட்ட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால், அறுந்து விலகிய முனைகள் தாமே சரியாகப் பொருந்துவதில்லை. அறுவை மருத்துவர் அவற்றைத் தைத்துச் சேர்க்க வேண்டும். காலம் கடந்தால் பலன் குறையும்.

அதுவரை மரத்த கையைக் காப்பது நம் கடன். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரிடம் கண்ட உண்மை இங்கே நினைக்கத்தக்கது. அவர்களுடைய விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலியறியாத கை, சூடும் வெட்டும் தெரியாமல் மீண்டும் மீண்டும் புண்பட்டே சிதைகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

ஆகவே, காயத்திற்குப் பின் விரல் மரத்தால் அன்றே மருத்துவரை நாடுங்கள். உணர்ச்சி திரும்பும் வரை சூடான பெட்டியையும் கூரிய கருவியையும் அக்கையால் தொடாதீர்கள். அக்கை படும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். காவல் இழந்த கைக்குக் கண்ணே காவல்.