'மட்டும்' என்ற சொல்



"நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டுமே லயத்து வீடு" என்று தோட்ட அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "நம் மகன் நிரந்தரத் தொழிலாளி. ஆகவே அவனுக்கு வீடு உறுதி. வெளியில் வாடகைக்கு வீடு தேட வேண்டாம்" என்கிறார். அவர் பேச்சை நம்பிக் குடும்பம் இருந்துவிடலாமா?

இதைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தொடங்கி வைத்தது. வாதத்தை மூன்று கூற்றுகளாக எழுத வேண்டும். முதல் இரண்டு காரணங்கள், மூன்றாவது முடிவு. ஒவ்வொரு கூற்றும் நான்கு வடிவங்களில் ஒன்றாக இருக்கவேண்டும்: எல்லா மாடுகளும் கறவை, எந்த மாடும் கறவை அன்று, சில மாடுகள் கறவை, சில மாடுகள் கறவை அல்ல. 'சில' என்றால் இங்கே ஒன்றேனும் என்று பொருள்.

இந்த நான்கில் 'மட்டும்' என்ற சொல்லுக்கு இடமில்லை, பார்த்தீர்களா? அதை மாற்றி எழுத வேண்டும். மாற்றும்போது முன்பின்னாக இடம் மாறும். பலர் தடுமாறுவது இங்கேதான். "நிரந்தரத் தொழிலாளர் எல்லாரும் வீடு பெறுபவர்" என்று எழுதுவது பிழை. அறிவிப்பு சொல்வது வேறு. வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

லயத்து வீடு பெறுபவர் எல்லாரும் நிரந்தரத் தொழிலாளர்.
நம் மகன் நிரந்தரத் தொழிலாளி.
ஆகவே, நம் மகன் லயத்து வீடு பெறுபவன்.

ஒரே ஆளைப் பற்றிய கூற்றையும் 'எல்லா' வகையில் சேர்ப்பது வழக்கம். இரண்டு காரணங்களையும் இணைக்கும் பாலம் 'நிரந்தரத் தொழிலாளர்' என்பது. ஆனால் நிரந்தரத் தொழிலாளர் அனைவரையும் பற்றி இரண்டு கூற்றுமே பேசவில்லை. "பசுக்கள் எல்லாம் நான்கு கால் உடையவை, எங்கள் ஆடு நான்கு கால் உடையது, ஆகவே ஆடு பசு" என்றால் குழந்தையும் சிரிக்கும். அச்சு அதே அச்சுத்தான்! வீடு காலியாக இல்லாமலும் போகலாம்; மகனுக்கு முன்னால் பத்துப் பேர் காத்திருக்கலாம்.

தமிழில் இன்னொரு பொறியும் இருக்கிறது. "எல்லாத் தொழிலாளர்களுக்கும் போனஸ் இல்லை" என்றால் என்ன பொருள்? "தொழிலாளர் எவரும் போனஸ் பெறுபவர் அல்லர்" என்றும் எழுதலாம். "தொழிலாளர் சிலர் போனஸ் பெறுபவர் அல்லர்" என்றும் எழுதலாம். முதலாவது எல்லார் வீட்டு அடுப்பையும் தொடுகிறது. இரண்டாவதில் சிலருக்காவது கிடைக்க வழியிருக்கிறது. அறிவிப்புத் தாளை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது. "ஒருவருக்குமே இல்லையா, சிலருக்கு மட்டும் இல்லையா?" என்று கிராணியாரிடம் கேட்டுவிட்டுத்தான் கூற்றை எழுத முடியும்.