பட்டாம்பூச்சியின் இருப்பிடத்தை நிலங்கண்டு கூறல்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பயிரின் நிறங்கண்டு மண்ணின் குறையைக் கூறவல்ல நமக்கு, அருகிவரும் ஓர் உயிர் எங்கே வாழக்கூடும் என்பதை நிலங்கண்டு கூறுவதும் அரிதன்று. எவற்றைப் பார்க்கவேண்டும் என்பதே கேள்வி. இதற்கு இங்கிலாந்து நாட்டு அனுபவம் ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

அங்கே ‘லார்ஜ் புளூ’ என்னும் பெரிய நீலப் பட்டாம்பூச்சி குறைந்துகொண்டே வந்தது. பூச்சி சேகரிப்போரே காரணமெனக் கருதி, அது வாழ்ந்த ஓரிடத்துக்கு வேலியிட்டனர். வேலி ஆட்களைத் தடுத்தது. மேயும் கால்நடைகளையும் தடுத்தது. பட்டாம்பூச்சியோ அங்கிருந்து மறைந்தே போயிற்று.

1970-களில் ஜெரமி தாமஸ் என்னும் அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்து கண்டார். இப்பூச்சி ‘தைம்’ என்னும் மணப்பூண்டின் மொட்டில் முட்டையிடுகிறது. புழு சில வாரம் பூவைத் தின்றபின் தரையில் விழுகிறது. சிவப்பெறும்பு அதனைத் தன் இனப் புழுவென எண்ணிப் புற்றுக்குள் தூக்கிச் செல்கிறது. அங்கே எறும்பின் புழுக்களையே தின்று, ஏறத்தாழப் பத்து மாதம் வளர்கிறது. ஆயினும் ‘மிர்மிகா சபுலெட்டி’ என்னும் ஓரின எறும்பின் புற்றிலேதான் அது நன்கு பிழைக்கிறது. அவ்வெறும்புக்கு வெதுவெதுப்பான மண் வேண்டும். புல் குட்டையாயிருந்தால்தான் வெயில் மண்ணிற்படும். மேய்ச்சல் குறைந்ததாலும், 1953-இல் அந்நாட்டில் நுழைந்த நோயால் முயல்கள் பெருவாரியாக மடிந்ததாலும் புல் ஓங்கிற்று, மண் குளிர்ந்தது, எறும்பு அகன்றது. 1979-இல் அப்பட்டாம்பூச்சி அந்நாட்டில் அற்றுப்போயிற்று.

காரணம் விளங்கியபின் இடந்தேடுதல் எளிதாயிற்று. அக்குளிர்நாட்டில் வெயில் மிகுதியும் படும் தெற்குச் சரிவு, தைம் பூண்டு, மேய்ந்து குட்டையான புல், உரிய எறும்பு ஆகிய நான்கும் கூடிய இடமே பூச்சிக்கு ஏற்ற இடம். பூண்டு மட்டும் மண்டிக் கிடப்பது போதாது. இவ்வாறு தேர்ந்து திருத்திய நிலத்தில், சுவீடனிலிருந்து கொணர்ந்த பூச்சிகளை 1983 முதல் விடலாயினர். சாமர்செட் பகுதியில் காலர்டு குன்று முதலிய இடங்களில் அவை மீண்டும் பெருகியுள்ளன.

நம் நாட்டிலும், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி உள்ளாட்சிக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். அதில் பூச்சியின் பெயரை மட்டும் எழுதினால் பயன் சிறிதே. அது முட்டையிடும் செடி, அங்கே மேயும் கால்நடை, புல்லின் உயரம், நிலத்தின் சரிவு ஆகியவற்றையும் குறிக்கவேண்டும். இவற்றை நன்கறிந்தவர்கள் ஆடுமாடு மேய்ப்போர். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மேய்ச்சல் புறம்போக்கில் வேலியிடத் தீர்மானம் போடுமுன், அவ்வேலி எதைக் காக்கும், எதைப் போக்கும் என்பதை நிலத்தில் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறோம்.