இணையதளத்துக்கு ஆயுள் சந்தா வேண்டாம்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



சங்கம் தொடங்கப்போகும் இணையதளத்துக்குச் சந்தா எந்த முறையில் வாங்கலாம் என்று யோசித்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் பௌதிகம் படித்தவன். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் கோப்புகளைப் பார்த்தவன். கம்ப்யூட்டர் மட்டும் பேரன் தயவில் கற்றது. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நம் பத்திரிகைக்கு இருப்பது போல இதற்கும் ஆயுள் சந்தா வைத்துவிடலாம் என்பது பலருடைய எண்ணம். ஒரே தடவை கட்டினால் தொல்லை விட்டது. கணக்குப் போடும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். 1995ல் 500 ரூபாய் கட்டி ஆயுள் அங்கத்தினரானேன். அன்று வங்கி டெபாசிட்டுக்கு வட்டி சுமார் 12 சதவீதம். வருஷத்துக்கு 60 ரூபாய். நாலு இதழ் அச்சடித்துத் தபாலில் அனுப்ப ஏதோ கட்டுப்படியாயிற்று. இன்று 7 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 35 ரூபாய்தான். இதழ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது! ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. ரூபாய்க்கோ, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுதான். இணையதளத்தில் பெயர்ப் பதிவு, சர்வர் வாடகை, பராமரிப்பு எல்லாமே வருஷா வருஷம் வரும் செலவு. ஆகவே சந்தாவும் வருடாந்திரமாகவே இருக்க வேண்டும்.

அடுத்து, எதைப் பூட்டி வைப்பது? நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில், மாதம் 20 கட்டுரை வரை இலவசம், மேலே படிக்கக் கட்டணம் என்று வைத்தது. அடுத்த ஆண்டே அதை 10 ஆகக் குறைத்தது. தினமும் புதுச் செய்தி தருகிறவர்களுக்கு அது சரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியிடும் நம் கட்டுரைகளைப் பூட்டினால் சாவி தேடி யார் வருவார்கள்? கட்டுரைகளும் பண்டிகைத் தேதிகளும் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும்.

பூட்ட வேண்டியது விலாசம், போன் நம்பர், வரன் விவரம், ஜாதகம். என் உறவில் ஒரு பெண்ணின் போட்டோவும் நம்பரும் ஒரு வரன் தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தன. முன்பின் தெரியாதவர்கள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் அவள் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. கல்யாணப் பேச்சும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

தானாகப் பணம் பிடிப்பது என்றால் வயதானவர்களுக்குப் பயம். கார்டு, யு.பி.ஐ. வழியாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அப்படியும் வேண்டாம் என்பவர்கள் செக் அனுப்பட்டும்.

நாக்பூரில் என் அக்கா, அத்திம்பேர் காலமான பிறகு, தனியாக இருக்கிறாள். 84 வயது. போனில் படிக்கத் தெரியும், பணம் கட்டத் தெரியாது. சந்தா தவறிய மறுநாளே அவள் பெயரை நீக்கிவிடும் தளம் நமக்கு வேண்டாம். ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, உள்ளூர்ப் பிரதிநிதி வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

ஆயுள் சந்தா கட்டியவர்கள், மறுபடியுமா என்று கேட்பீர்கள். முதல் வருஷம் நமக்கு இலவசம். பிறகு என்னையும் சேர்த்து எல்லோரும் கட்ட வேண்டியதுதான். தொகையைச் செலவுக் கணக்கு வந்தபின் பொதுக்குழுவே தீர்மானிக்கட்டும்.