பொங்கல் மேட்ச்: மைதானம் யாருக்கு?



நினைவுப் பேருரையில் கிரிக்கெட்டா என்று சிலர் யோசிக்கலாம். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் தமிழகத்தின் பல ஊர்களில் பொங்கல் மேட்ச் வேலை தொடங்கிவிடும். முள் வெட்டி, தண்ணீர் தெளித்து, பிட்ச்சைத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருவார்கள். காணும் பொங்கலன்று ஃபைனல். ஓர் ஊரின் சாதியைப் படிக்க விரும்பும் மாணவர், கோயில் திருவிழாவோடு இந்த மைதானத்தையும் பார்க்க வேண்டும்.

சேரிப் பிள்ளைகளான நாங்கள் தொண்ணூறுகளில் ஆட வந்தோம். பள்ளிக்கூட டீமுக்கு எங்கள் தெருப் பந்துவீச்சு வேண்டும். பொங்கல் மேட்ச் என்றால் மட்டும், நுழைவுக் கட்டணத்தோடு போய் நின்றாலும், ‘டீம் நிறைஞ்சிருச்சு’ என்பார்கள். ஒரு வருடம் சேர்த்துக்கொண்டார்கள், ஃபைனலுக்கு வந்துவிட்டோம். அன்று ராத்திரி ஊர்ப் பெரியவர்கள் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். ‘ஆடுங்கடா, வேணாங்கல. கப்பு மட்டும் ஊருக்குத்தான்’ என்றார்கள். எங்கள் அப்பாக்கள் அவர்கள் வயலில் அறுவடைக்குப் போயாக வேண்டும். மறுநாள் நாங்கள் மைதானத்துக்குப் போகவில்லை.

இந்தக் கதை நம் ஊரில் தொடங்கியதல்ல. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். கேப்டன் பதவியும் அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் அந்த அணிக்குக் கேப்டன் ஆனார். திறமையை எடுத்துக்கொள்வார்கள், தலைமையைத் தரமாட்டார்கள் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

இன்று சேரிகளில் நாமே தனி டோர்னமென்ட் நடத்துகிறோம். பனியனில் அண்ணல் அம்பேத்கர் படம், கோப்பையில் நம் தலைவர்கள் பெயர். பெருமைதான். ஆனால் தனிக்குவளை, தனிச் சுடுகாடு வரிசையில் தனி மைதானத்தையும் நாமே சேர்த்துவிடக் கூடாது. எங்கள் ஊர் மைதானம் கிராமக் கணக்கில் புறம்போக்கு. எந்தத் தெருவுக்கும் அதில் பட்டா இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், ஊரின் பொதுவளங்களை மற்றவர்களுக்குச் சமமாக நாம் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்தத் தை மாதம் ஊருக்குப் போனால் மைதானத்தின் சர்வே எண்ணைக் கேட்டு எழுதுங்கள். யார் ஆடினார்கள், யாரைச் சேர்க்கவில்லை, நம் பெண்பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பெண்பிள்ளைகளை வேலியோரம் நிறுத்திய பழி நமக்கும் உண்டு.

அன்று ஆடாமல் விட்ட ஃபைனல் எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதை நாம் பொது மைதானத்தில்தான் ஆட வேண்டும்.