முடிவு உள்ள விளையாட்டுக்கு எதிர்காலம் உண்டா?

(ஜார்ஜ்டவுனில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வழக்கமாக இந்த மேடையில் ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஒரு நண்பர், "பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றித்தானே?" என்று கேட்டார். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது விளையாட்டு கெட்டுப்போவதைப் பற்றி.

ஒரு வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். மூன்று தீபாவளிக்கு முன்பு என் அண்ணன் மகனுக்கு அங்பாவ் பணம் 180 வெள்ளி சேர்ந்தது. படிவம் ஒன்றில் படிக்கிற பையன். மறுநாள் காலையில் கேட்டால் கையில் ஒரு காசு இல்லை. கைத்தொலைபேசியில் விளையாடும் ஒரு கேமில் அவனுடைய வீரனுக்குப் புது உடுப்பு வாங்கியிருக்கிறான்! "அத்தை, இது லிமிட்டட். நேற்று விட்டால் கிடைக்காது" என்றான். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் கேமை மூடிவிட்டது. பெயர் வேண்டாம். இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தார்கள். பிறகு வீரனும் இல்லை, உடுப்பும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பையன் அதற்காக வருத்தப்படவில்லை. அதற்குள் வேறு கேமுக்குப் போய்விட்டான். வருத்தப்பட்டது நான்தான்.

கேம் விளையாடாத பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். வீடியோ கேம்களில் இரண்டு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தனியாக உட்கார்ந்து விளையாடுவது. ஒரு முறை காசு கொடுத்து வாங்குகிறோம். கதை தொடங்கும், நடக்கும், முடியும். படம் பார்ப்பது போல, நாவல் படிப்பது போல. மற்றொன்றுக்கு 'லைவ் சர்வீஸ்' என்று பெயர். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் முடிவே கிடையாது. வாராவாரம் புது உடுப்பு, மாதாமாதம் புதுப் போட்டி, தினமும் வந்து எட்டிப் பார்த்தால் ஒரு பரிசு. காசை நேராகக் கேட்க மாட்டார்கள். முதலில் 'டைமண்ட்' வாங்கச் சொல்வார்கள். பிறகு டைமண்டைக் கொடுத்துப் பொருளை வாங்க வேண்டும். எத்தனை வெள்ளி போனது என்று கணக்குப் பார்ப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

எங்கள் காலத்தில் வீட்டில் 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி இருந்தது. அண்ணனும் நானும் மாறி மாறி மாரியோ விளையாடுவோம். இளவரசியைக் கண்டுபிடித்த அன்று ஆட்டம் முடிந்தது. பெட்டியை அணைத்துவிட்டுக் கீழே ஓடினோம், பேட்மிண்டன் ஆட. 'போதும், போ' என்று விளையாட்டே நம்மை அனுப்பிவைத்த காலம் அது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2006-இல் 'ஆப்ளிவியன்' என்ற கேமில் குதிரைக்குக் கவசம் என்று சொல்லி இரண்டரை அமெரிக்க டாலர் கேட்டார்கள். உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் வாங்கவும் செய்தார்கள்! 2013-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' வந்தது. தனியாக விளையாடும் கதைதான் அதன் பெருமை. ஆனால் கூடவே வந்த ஆன்லைன் பகுதியில் பணம் கொட்டத் தொடங்கியதும், கதைக்கு வரவேண்டிய கூடுதல் பகுதி வரவே இல்லை. 2017-இல் ஸ்டார் வார்ஸ் 'பேட்டில்ஃபிரண்ட் 2' கேமில், முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடமே சீட்டுப் பெட்டி போல அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்கப் பார்த்தார்கள். பெரிய சண்டை. வெளியீட்டுக்குச் சற்று முன்பு அந்த விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

இந்த இடத்தில் நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். மேற்கத்திய நிறுவனங்களை மட்டும் திட்டினால் எப்படி? 1990களிலும் 2000களிலும் இங்கே பிளேஸ்டேஷன் தட்டு என்ன விலைக்கு வாங்கினோம்? ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. அசலா நகலா என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேமைத் தட்டில் போட்டு விற்றால் மறுவாரமே நகல் வந்துவிடும் என்ற நிலை ஆசியா முழுவதும் இருந்தது. அதனால்தான் கொரியாவிலும் சீனாவிலும் வேறு வழி தேடினார்கள். கேமைத் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே நுழைய நேரத்தை விற்றார்கள். பிறகு நுழைவை இலவசமாக்கி, உள்ளே இருக்கும் பொருளை விற்றார்கள். 2000களின் தொடக்கத்தில் சைபர் கஃபேயில் 'ரக்னரோக் ஆன்லைன்' விளையாட கார்டு வாங்கிச் சுரண்டிய அண்ணன்மார் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இன்றைய டைமண்டுக்கு அதுதான் பாட்டன். நகல் எடுக்க முடியாத விளையாட்டு வேண்டும் என்று தேடியவர்கள் கண்டுபிடித்தது முடிவில்லாத விளையாட்டை.

சரி, இலவச கேமை ஒரேயடியாகத் தீயது என்று சொல்லலாமா? நானும் அப்படித்தான் அண்ணன் மகனிடம் பிரசங்கம் செய்தேன். அவன் திருப்பிக் கேட்டான்: "அத்தை, நீங்க சொல்ற கேம் 250 வெள்ளிக்கு மேல. அதை விளையாட ஒரு பெட்டி வேணும், அது இன்னும் விலை. இது அப்பாவோட பழைய போன்ல ஓடுது. என் கூட்டாளிங்க எல்லாரும் இதுலதான் இருக்காங்க." எனக்குப் பதில் வரவில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் பையனுக்கும் பங்களாவில் இருக்கும் பையனுக்கும் ஒரே ஆடுகளம் என்பது சின்ன விஷயமில்லை. 'மொபைல் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் 2024-ஆம் ஆண்டு ரியாத்தில் நடந்த அனைத்துலகப் போட்டியில் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி கோப்பையைத் தூக்கியபோது நானும்தான் கைதட்டினேன்.

ஆகவே, ஆன்லைன் கேம் இருக்கட்டும். என் கவலை, எல்லாக் கேமும் அதுவாகவே ஆகிவிட வேண்டும் என்று முதலாளிகள் நினைப்பது பற்றித்தான். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள். சோனி நிறுவனம் 2024 ஆகஸ்டு 23-இல் 'கான்கார்ட்' என்ற ஆன்லைன் கேமை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பு. ஆள் சேரவில்லை. செப்டம்பர் 6-இல் மூடிவிட்டு எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினான்கே நாள்! நம்மூரில் படம்கூட அதற்கு மேல் ஓடும். உருவாக்கிய ஸ்டூடியோவையும் பிறகு மூடிவிட்டார்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். ஒரு பையன் தினமும் எத்தனை கேமுக்கு வருகைப் பதிவு கொடுப்பான்?

இதைவிட என்னை உறுத்துவது 'தி க்ரூ' கதை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கார்ப் பந்தய கேம், 2014-இல் வந்தது. தனியாகவே விளையாடி முடிக்கக்கூடிய கதை அதில் உண்டு. ஆனால் அதற்கும் இணையத் தொடர்பு கட்டாயம். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டு வெறும் தட்டாகிப் போனது. இதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் வலுத்தது. விற்ற கேமை இயங்காத நிலையில் விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் கேட்டு 2025-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இணையத்தில் கேமையோ படத்தையோ விற்பவர், வாங்குகிறவருக்குக் கிடைப்பது சொந்தமா, வெறும் அனுமதியா என்று சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் தனியாள் கேம் செத்துவிட்டதா? செத்துவிட்டது என்று சொன்னவர்கள்தான் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' முழுக்கதை கொண்ட கேம். உள்ளே கடை கிடையாது, டைமண்ட் கிடையாது. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. அதை உருவாக்கிய பெல்ஜியத்து லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டூடியோ உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024-இல் சீனாவின் 'பிளாக் மித்: வூக்கோங்' மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது. நம் சீன நண்பர்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த குரங்கு அரசன் கதைதான் அது. 2025-இல் பிரான்சின் ஒரு சிறிய குழு உருவாக்கிய 'கிளேர் ஆப்ஸ்க்யூர்' ஆண்டின் சிறந்த கேம் ஆனது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டசி 15' கேமுக்கு முதன்மை வடிவமைப்பாளராக இருந்த வான் ஹஸ்மர், நாடு திரும்பிக் கோலாலம்பூரில் மெட்ரோனாமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2020-இல் அவர்கள் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' இரண்டு ராக் இசைக்கலைஞர்களின் கதை. தனியாகவும் விளையாடலாம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டும் விளையாடலாம்.

இனி என் மனதுக்கு நெருக்கமான ஒன்று. 2023 ஜூலை 31-இல் 'வெண்பா' என்ற கேம் வந்தது. ஆமாம், வெண்பாவேதான்! கனடாவின் டொரொன்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு செய்தது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்துச் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி. நடுவில் மகன் வளர்கிறான். வீட்டில் தமிழ் குறைகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அனைத்துலகச் சுயாதீன கேம் விழாவின் தலைமை விருதையும், பிரிட்டனின் பாஃப்டா விருதில் முதல் படைப்புக்கான பரிசையும் 2024-இல் வாங்கியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையை லைவ் சர்வீஸாகச் செய்ய முடியுமா? பத்து வருடம் தினமும் இட்லி அவிக்கச் சொல்வார்களா? வெண்பாவுக்குப் புதுச் சேலை 30 டைமண்ட் என்று விற்பார்களா? ஒரு தாய் முதுமை அடைவதை, ஒரு வீடு காலியாவதைச் சொல்ல வேண்டுமென்றால் கதை முடிந்தாக வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் நமக்காக ஒரு கதை எழுத யாரும் காத்திருக்கவில்லை. சிறு குழுவால் ஒரு முறை செய்து, ஒரு முறை விற்று, அடுத்ததற்குப் போக முடிகிற விளையாட்டு இது ஒன்றுதான். நம் கதை கேமில் வரும் வழியும் அதுதான். அந்த வழி அடைபட்டால் நம் பிள்ளைகள் அடுத்தவர் வீரனுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு யோசனை. பிள்ளை புதுக் கேம் கேட்டால், "இது எப்போது முடியும்?" என்று கேளுங்கள். பிறகு வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு அது திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், வாங்கியது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும். பிறந்தநாளுக்கு டைமண்ட் போட்டுக் கொடுப்பதற்குப் பதில் ஒரு முழு கேம் வாங்கிக் கொடுக்கலாம். வெண்பாவின் விலை 15 அமெரிக்க டாலர்தான்.

போன தீபாவளிக்கு அதைத்தான் செய்தேன். அண்ணன் வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். முதலில், "சமையல் கேமா!" என்று முகத்தைச் சுளித்தான். பத்து நிமிடத்தில் இட்லி வேகவில்லை. தட்டுகளை எப்படி அடுக்கினாலும் தப்பாகவே போகிறது. சமையலறைப் பக்கம் திரும்பி, "பாட்டி, இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்?" என்று கத்தினான். என் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "ஒரு குழிக்கு நேரா இன்னொரு குழி வைக்காதேடா, ஆவி எப்படிப் போகும்?" என்றார். திருப்பி வைத்தான். இட்லி வெந்தது.

அதற்கு மேல் அம்மா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடியபோது பையன், "அவ்வளவுதானா?" என்று கேட்டான். அம்மா மட்டும், பிரியாணிக்கு அவர்கள் போட்ட மசாலா சரியில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.