கமராவோடு கப்பலேறியவர்

பயண இலக்கியம் பற்றிப் பேசப் புகுவோர் ஏ. கே. செட்டியாரை விட்டு நகர முடியாது. டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை கற்ற அவர், 1937 ஒக்டோபர் 2ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி முழுநீள விவரணப்படம் ஒன்று எடுக்கும் எண்ணம் நடுக்கடலில்தான் உதித்தது.

கடந்துபோன காலத்தை எந்தக் கமராவாலும் இனிப் பிடிக்க முடியாதல்லவா? ஆகவே பிறர் முன்னரே பிடித்துவைத்த படத்துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்தார். ஏறத்தாழ ஓரிலட்சம் மைல் பயணம். சேர்ந்தது 50,000 அடிப் படச்சுருள். அதில் 12,000 அடியே 1940இல் திரைக்கு வந்தது. அலைந்து தேடியதை வெட்டி ஒதுக்கும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

அவருடைய உரைநடையும் இத்தகையதே. சிறுசிறு வாக்கியங்கள்; 'நான்' தலைகாட்டுவது அரிது. நம்மவர் பயணக் கட்டுரைகள் பலவற்றில் ஊரை மறைத்துக்கொண்டு எழுதியவரே நிற்பார். (இதைச் சொன்னால் சிலர் கோபிப்பர்.) செட்டியாரோ கமராவுக்குப் பின்னால் நிற்பவர் போலவே எழுத்திலும் ஒதுங்கி நிற்கிறார். 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கியவர், பிற்காலத்தில் தமிழ்நாடு பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார்.